சுத்தியல் வேந்தர் மெய்க்கீர்த்தி

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. வென்ற நாடு, கவர்ந்த முடி, கட்டிய கோயில் என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழிந்தும் வாசிக்கிறோம். எங்கள் தெருமுனையில், புங்கமர நிழலில், தகரக் கூரையின் கீழ் செங்கோல் செலுத்தும் பெருமகனாருக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற குறை ஆறு மாதமாக என்னை உறங்கவிடவில்லை. கல்வெட்டு அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. என் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில், அலுமினியத்தின் உட்சுவரில், ஸ்க்ரூடிரைவர் முனையால் அவர் தம் திருக்கரத்தாலேயே பொறித்த வரிகள் மூன்று இருக்கின்றன. விரலை விட்டுத் தடவினால் நகத்தில் தட்டும். மூலம் அங்கே இருக்கிறது. அதற்கு உரை எழுதும் பாக்கியம்தான் எனக்கு வாய்த்தது.

பெரியோர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆகவே அவரைச் சுத்தியல் வேந்தர் என்றே இங்கு அழைக்கிறேன். நேரில் ‘அண்ணே’ என்பேன். அவர் பதிலுக்கு ‘சார்’ என்பார். அந்த ஒரு சொல்லில் ததும்பும் கருணை ஒரு வண்டியின் ஆயுளையே பாதியாக்கவல்லது.

வேந்தரின் பெருமை விளங்க, அவர் வென்ற எதிரி எப்பேர்ப்பட்டது என்று தெரிய வேண்டும். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்குப் பெயர் ஃபோர்க். ஒவ்வொரு காலிலும் மேலே குரோம் பூசிய எஃகுக் குழாய்; கடைப் பாஷையில் பைப்பு. அது இறங்கி ஏறும் அலுமினிய உறைக்குப் பாட்டம் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஏறக்குறைய ஒரு டம்ளர் எண்ணெய். பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அது துள்ளித் துள்ளித் திருப்பிக் கொடுக்காதபடி, சிறு துளைகளின் வழியே நெருக்கியடித்துப் போகும் எண்ணெய் அதை அடக்கும். அந்த எண்ணெய் வெளியே வராமல் காப்பது பாட்டத்தின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆயில் சீல். அதன் உதடு பைப்பை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். உதட்டைச் சுற்றி மோதிரம்போல ஒரு மெல்லிய கம்பிச்சுருள் அதை இறுக்கிப் பிடிக்கும். சீலுக்கு மேல் ஒரு கம்பி லாக். அதற்கும் மேல் தொப்பிபோல டஸ்ட் சீல்.

1935இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் ஆர்12 வண்டியில், எண்ணெயால் அதிர்வை அடக்கும் இந்த டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் 90 ஆண்டுகளாக உலகத்துப் பொறியாளர்கள் எல்லோரும் ஒரே பிடிவாதமாக இருக்கிறார்கள்: எண்ணெய் உள்ளேயே இருக்க வேண்டும். என்ன குறுகிய மனம்! உள்ளே கிடந்து புழுங்கும் அந்த எண்ணெய்க்கும் காற்று வாங்க ஆசை இருக்காதா என்று நினைத்துப் பார்த்த ஒரே ஜீவன், நான் அறிந்தவரை, எங்கள் வேந்தர்தான்.

முதல் தரிசனம் சித்திரை வெயிலில் நிகழ்ந்தது. வண்டிக்கு வயது 11. இடக்கால் பைப்பில் மெலிதாக ஓர் எண்ணெய் வளையம் தெரிந்தது. இதற்கு முன் மூன்று மாதம் அதைப் பழைய பனியனால் துடைத்துத் துடைத்து, நோய் தீர்ந்தது என்று நம்பிக்கொண்டிருந்த என் மருத்துவ ஞானத்தையும் இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன். வேந்தருக்கு ஏற்ற குடிமகனாக நானும் நடந்துகொண்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வேந்தர் குனிந்து பார்க்கவில்லை. சாதாரண மெக்கானிக் என்றால் குந்தி உட்காருவார், பைப்பை விரலால் தடவுவார், துருப்புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் சோதிப்பார், முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை அமுக்கிப் பார்ப்பார். சீல் ஏன் போயிற்று என்ற கேள்வியோடு மல்லுக்கட்டுவார். பைப்பில் ஒரு புள்ளி துரு இருந்தாலும், எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தப் புள்ளி அதன் உதட்டைக் கிழித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர்களுடைய மூடநம்பிக்கை. வேந்தரோ, பத்தடி தூரத்தில் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தபடியே தீர்ப்பு வழங்கினார்.

“ஷாக்கப்சர் ஆயில் சீல் சார். ஒரு சைடுதான் போயிருக்கு. ஒண்ணு மாத்தினா போதும். எதுக்கு ரெண்டுக்கும் காசு?”

என் பணப்பையின் மேல் அவருக்கு இருந்த அந்தத் தாயன்பை நினைக்கும்தோறும் கண் பனிக்கிறது. இரண்டு சீலும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே தூசியைத் தின்றவை, ஒன்று செத்தால் மற்றது ஈமக்கிரியைக்குள் பின்தொடரும் என்பதால்தான் உலகெங்கும் ஜோடியாக மாற்றுகிறார்கள். வேந்தர் அப்படி ஒரேயடியாக மாற்றியிருந்தால் இரண்டாம் தரிசனம் எனக்கு எப்படிக் கிட்டியிருக்கும்? மூன்றாவது எப்படிக் கிட்டியிருக்கும்?

அரண்மனையின் ஆயுதசாலையைச் சொல்லாமல் மேலே போனால் கை கூசும். கடையின் பின்சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு டார்க் ரென்ச் தொங்குகிறது. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அளந்து சொல்லும் கருவி. அதன் பக்கத்தில் சீல் இறக்கும் வளையக் கருவி, எண்ணெய் அளக்கும் கோடு போட்ட ஜாடி. எல்லாவற்றின் மேலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இம்மியும் உதிரவில்லை. ரென்ச்சின் கழுத்தில் காய்ந்த கதம்ப மாலை. முனை தேயாமல், பிடி அழுக்காகாமல், கடையில் வாங்கிய மேனிக்கு மின்னுகிறது. ஔவையார் இந்தச் சுவரைப் பார்த்திருந்தால் நின்ற இடத்திலேயே ஒரு பாட்டுப் பாடியிருப்பார். கீழே, கரித்தரையில், பிடி உடைந்து துணி சுற்றிய சுத்தியல் ஒன்றும் முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் ஒரு பைப் ரென்ச்சும் கிடக்கின்றன. ராஜ்யம் முழுவதும் இந்த மூன்றால்தான் நடக்கிறது.

திருப்பணி தொடங்கியது. சக்கரம் இறங்கிற்று. பிரேக் காலிப்பர் அதன் ரப்பர் குழாயிலேயே தூக்கில் தொங்கவிடப்பட்டது. வேறு வண்டிக் கடைகளில் கம்பியால் கட்டித் தாங்கி வைப்பார்களாம், இங்கே அத்தகைய சலுகை கிடையாது. பைப்பை உருவ வேண்டிய நேரத்தில் அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. “டேய், பெரிய ரென்ச்ச எடு” என்று பையனுக்கு ஆணை பறந்தது. தலைமுடியை விட மெல்லிய குரோம் பூச்சின் மேல், கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால்தான் சீல் வாழும் என்கிற அந்தப் பரப்பின் மேல், பைப் ரென்ச்சின் பற்கள் கவ்வின. குழாய் ரிப்பேருக்காகப் படைக்கப்பட்ட கருவியைக் குழாயின் மேல் வைப்பதில் என்ன தப்பு? பெயரிலேயே ‘பைப்’ இருக்கிறதே! நான்கு பல்தடம் விழுந்தது. புலிநகக் கீறல்போல அழகாக.

அடுத்து, பாட்டத்தின் வாயிலிருந்து பழைய சீலை எடுக்கும் படலம். கம்பி லாக்கைக் கழற்றிவிட்டு, விளிம்பில் ஒரு துண்டு ரப்பரோ மரமோ வைத்து, அலுமினியத்தில் படாமல் நெம்பி எடுப்பார்கள் என்று கேள்வி. வேந்தர் ஸ்க்ரூடிரைவரைச் சீலுக்கும் சுவருக்கும் நடுவே நட்டு, தலையில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி, உடம்பின் முழு எடையோடு சாய்ந்தார். மேலே சொன்ன மூன்று வரிக் கல்வெட்டு அப்போது பொறிக்கப்பட்டதுதான். சீலின் வெளிவட்டம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் இப்போது மூன்று வாய்க்கால்கள். உதட்டு வழியே ஒழுகாவிட்டாலும் முதுகு வழியே ஒழுகலாம். முன்பு ஒரே வாசல் இருந்த வீட்டுக்குப் பின்வாசலும் வைத்துக் கொடுத்த தச்சனை என்ன சொல்லிப் புகழ்வது!

பைப்பின் பல்தடங்களும் அதற்கு முன்பே இருந்த நாலைந்து துருப்புள்ளிகளும் வேந்தரின் கவனத்துக்கு வந்தபோது, அவர் உப்புத்தாளை எடுத்தார். எண்ணெயில் நனைத்த நயத் தாளைக் குறுக்குவாட்டில் மிக மெதுவாக, மேடு மட்டும் போகும்படி தேய்க்கும் கஞ்சத்தனம் அவரிடம் இல்லை. மரக்கதவுக்குத் தேய்க்கும் சொரசொரத் தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தார். எண்ணெய் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையிலேயே அதற்குச் சாலை போட்டுக் கொடுத்தார். துருப்புள்ளியோடு சுற்றியிருந்த குரோமும் போயிற்று. குரோம் இருந்தால்தானே துருப்பிடித்தது தெரியும்?

நான் முந்தின நாள் ஜி.பி. ரோட்டுக்குப் போய், வெயிலில் நாலு கடை ஏறி இறங்கி, மேல்பக்கத்தில் அளவு பொறித்த கம்பெனி சீல் ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் எல்லாம் அதில் மில்லிமீட்டரில் போட்டிருந்தது. வேந்தர் அதை வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல சீல் சார்” என்று மனந்திறந்து பாராட்டிவிட்டு, மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். தம் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்தார்.

“அண்ணே, அந்த கம்பெனி சீல்...”

“ரெண்டும் ஒண்ணுதான் சார். நம்ம கையில ஓடறதுதான் முக்கியம்.”

நல்ல பொருளை இப்படிப் பத்திரப்படுத்தும் குணம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? என் பாட்டி பட்டுப்புடவையை இப்படித்தான் பீரோவில் வைத்திருந்தாள்.

சட்டைப்பைச் சீலைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததாக அவருக்குத் தோன்றியது. உடனே வெளிப்பட்டது மேதைமை. சீலின் உள்ளே இருந்த கம்பிச்சுருளை ஊசியால் உருவினார், இரண்டு சுற்றைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தார், முனைகளை மறுபடி பிணைத்து மாட்டினார். இப்போது உதடு பைப்பைப் பிடிக்கிற பிடியில் ரப்பர் சீக்கிரம் தேயும், ஃபோர்க் ஏறி இறங்கத் தயங்கும். கட்டிப்பிடிப்பதில் அவருக்கு அளவு தெரியாது, பாசக்காரர்.

கைதேர்ந்தவர்கள் என்று பெயரெடுத்த சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. பைப்பின் கூர்மையான விளிம்பில் சீலின் உதடு கிழிந்துவிடும் என்று பயந்து, விளிம்பின் மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை வழுக்கவிட்டு இறக்குவார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பது நாடறிந்த விஷயம். வேந்தர் பட்டறையில் பை மாட்டப்படவில்லை. எண்ணெயும் தடவப்படவில்லை. வறண்ட ரப்பர் வறண்ட இரும்பில் கீச்சென்று இறங்கிய ஓசையை நான் மட்டுமல்ல, டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் கேட்டார்கள். மெல்லிய ஒரு கறுப்புத் துணுக்கு, சவரம் செய்த மயிர்போல, தரையில் விழுந்தது. சட்டத்தை மதித்து நடக்கும் ஒரு தொழிலாளியைக் கண்ணாரக் கண்டேன்.

சீலைப் பாட்டத்தில் உட்கார வைக்கச் சுற்றிலும் ஒரே சமயத்தில் சீராக அழுத்தும் கருவி சுவரில் சந்தனப் பொட்டோடு தொங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? அதைத் தீண்டினால் மாலை வாடுமே. சரியான அளவில் ஒரு துண்டு பி.வி.சி. குழாயும் பழைய சீலும் இருந்தாலே காரியம் ஒழுங்காக நடக்கும். ஆனால் அதில் கலை எங்கே? வேந்தர் உளியை எடுத்து, கிழக்கே ஒரு தட்டு, மேற்கே ஒரு தட்டு, வடகிழக்கே இரண்டு தட்டு என்று எட்டுத் திக்குக்கும் நீதி வழங்கினார். சீல் தெற்கே இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருந்தது. “ஓட ஓட உக்காந்துக்கும்” என்றார். மனிதர்களைப் பற்றியும் அவருக்கு இதே கருத்துத்தான். தப்பாக உட்கார்ந்தவர்கள் காலப்போக்கில் சரியாகிவிடுவார்கள் என்பது.

இனி எண்ணெய். இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் இதுவே அவரது கலையின் சிகரம். ஃபோர்க் ஆயில் என்று தனியாக ஒன்று விற்கிறது. எத்தனை தடிமன், ஒரு காலுக்கு எத்தனை மில்லி என்று வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும். சாதாரண வண்டிகளில் 150, 160, 170 மில்லி என்று அற்பத் துல்லியத்தோடு எழுதியிருப்பார்கள். வேந்தரின் பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. ஊரில் வடித்த இன்ஜின் ஆயில் எல்லாம் சாதி மத பேதமின்றி அதில் சங்கமிக்கும். கரிய நிறம், சூரியனுக்கு நேரே பிடித்தால் உள்ளே இரும்புத்தூள் வைரப்பொடிபோல் மின்னும். அளவைக்கு ஒரு காலிக் குவார்ட்டர் பாட்டில். அரசாங்கமே கடை வைத்து விற்கும் 180 மில்லி. அதில் பிழை இருக்க முடியுமா? இடக்காலுக்குக் கழுத்து வழிய ஒரு குவார்ட்டர் போயிற்று. “நல்ல டைட்டா இருக்கட்டும் சார்” என்று மேலும் ஒரு மடக்கு. பிரித்த வேகத்தில் வலக்காலிலிருந்தும் கொஞ்சம் சிந்தியிருந்ததால் அதற்கும் தாக சாந்தி செய்தார். அங்கே கை அளவு, பாட்டில்கூட வேண்டியிருக்கவில்லை.

எண்ணெய் கூடினால் அதற்கு மேலே இருக்கும் காற்றுக்கு இடம் குறையும். பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் காற்று நெருங்கி, அழுத்தம் எகிறி, சீலை வெளியே தள்ளும். ஒரு காலில் அதிகமும் மறுகாலில் வேறு அளவுமாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. இப்படியெல்லாம் பௌதிகம் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். உபசரிப்பில் அளவு பார்ப்பது தமிழர் பண்பாடு அல்ல.

பாட்டத்தின் அடியில் ஓர் ஆலன் போல்ட் இருக்கிறது. அதற்கு ஒரு செம்பு வாஷர். பிரித்தால் வாஷரை மாற்ற வேண்டும். வேந்தர் பழையதையே தட்டி நிமிர்த்திப் போட்டார். அதன் பலனாக, அதுவரை மேலே மட்டும் ஒழுகிக்கொண்டிருந்த கால் கீழேயும் ஒழுகும் பேறு பெற்றது. சக்கரத்தை மாட்டியபின் அச்சை முதலில் இறுக்கிவிட்டார்; ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி இரு கால்களும் தாமாக நேர்கொள்ள விட்டுப் பிறகு இறுக்குவது நேர விரயம். கடைசியில் ஹேண்டில்பார் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தது. சக்கரம் நேரே போகையில் கைப்பிடி மட்டும் பக்கத்துக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். ஊர்வலத்துக்கு ஏற்ற அமைப்பு.

முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கூலி 350 ரூபாய். சட்டைப்பைச் சீலுக்கு 120. நான் வழக்கம்போல் பேரம் பேசி 400க்குக் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் இடக்காலில் மறுபடி வளையம். பதினொன்றாம் நாள் வலக்காலில். வலக்கால் டிஸ்க் பிரேக் இருக்கும் கால். அங்கே கசியும் எண்ணெய் பாட்டத்தின் மேல் வழிந்து, காலிப்பரின் மேல் இறங்கி, டிஸ்க்கையும் அதைக் கவ்வும் பேடையும் நனைக்கும். பேட் அதைப் பஞ்சுபோல் குடித்துவிடும், துடைத்தால் போகாது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை, முன்பைவிட மிருதுவாக, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போய், ஒரு ஷேர் ஆட்டோவின் பின்கம்பியில் மெல்ல அமர்ந்தது. உள்ளே பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் ஐந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். டிரைவர் எனக்குச் சூட்டிய பட்டங்களை மெய்க்கீர்த்தியில் சேர்க்க இடம் போதாது. என் முழங்காலில் நாலு தையல். நின்றிருந்தால் இதெல்லாம் எங்கே நடந்திருக்கும்? வண்டிக்கு வேகம் கூட்டித்தருகிற மெக்கானிக்குகள் ஆயிரம் பேர். நிற்காமல் செய்கிற மெக்கானிக் ஆயிரத்தில் ஒருவர்.

நொண்டிக்கொண்டே போய்ச் சொன்னேன். வேந்தர் துளியும் கோபப்படவில்லை. “ரோடு சரியில்ல சார்” என்றார்.

உண்மைதான், அவருடைய ராஜ்யத்துக்கு மானியம் வழங்கும் மற்றப் புரவலர்களையும் ஒரு வார்த்தை பாடிவிட வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடு. எங்கள் தெருவில் அந்தப் 10 சென்டிமீட்டரைக் குறைவில்லாமல் நிறைவேற்றி, அகலத்தை மட்டும் ஒரு முழமாகச் சிக்கனப்படுத்தியிருக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கு ஒருமுறை, குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று வெட்டிய பள்ளங்களை மண்போட்டு மூடிய கைவண்ணமும் சாமானியம் அல்ல. அந்தக் காலத்து வண்டிகளில் பைப்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். சேறும் மணலும் குரோமில் படாது. அது பாட்டன் காலத்து வேஷம் என்று கழற்றி எறிந்து, பளபளக்கும் பைப்பை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி அழகு பார்க்கிற ரசனைக்கும் வேந்தர் கடன்பட்டிருக்கிறார். காய்ந்த சேற்றின் ஒரு துகள் போதும், சீலின் உதட்டுக்கு அடியில் நுழைந்து வழிவிட. அந்தத் துகளைப் பழைய கேமரா ஃபிலிம் துண்டை உதட்டுக்கு அடியில் விட்டுச் சுற்றியெடுத்தே சில சமயம் கசிவை நிறுத்திவிடலாம், சீலே மாற்ற வேண்டாம் என்கிறார்கள். இத்தகைய தேசத் துரோகமான யோசனைகளை வேந்தரின் காதில் யாரும் போட்டுவிட வேண்டாம்.

நாணயமாகச் சொன்னால், எல்லாப் புரவலர்களிலும் பெரிய புரவலர் நாம்தான். மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி என்பது பழைய கணக்கு. மெக்கானிக் ஷாப்பில் மக்கள் எவ்வழியோ மன்னனும் அவ்வழி. “அண்ணே, சீக்கிரம் முடிங்க, ஆபீஸ் போகணும்” என்றவன் நான். “இவ்வளவா?” என்று 70 ரூபாயைக் குறைத்தவனும் நான். முக்கால் மணி நேரத்தில், 400 ரூபாய்க்கு, அவர் எனக்குக் கொடுத்தது துல்லியமாக நான் கேட்டதைத்தான்.

இதற்கு நேர்மாறான ஓர் அற்ப மனிதரும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என் அலுவலக நண்பர் தம் வண்டியை அவரிடம் விட்டுவிட்டு அனுபவித்த துன்பத்தைச் சொல்கிறேன், கேட்டுப் பரிதபியுங்கள். முதலில், “ரெண்டு நாள் ஆகும் சார்” என்றாராம். இரண்டு கால்களையும் பிரித்தார். உள்ளே இருந்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தார். பைப்புகளைக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டி, வளைந்திருக்கிறதா என்று அரைமணி நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒன்றில் சீல் ஓடுகிற இடத்திலேயே துரு குழி விட்டிருந்தது. “இத மாத்தணும், இல்லன்னா சீல் போடறது வேஸ்ட்” என்று நண்பரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். என்ன மரியாதை கெட்ட பேச்சு! சீலோடு டஸ்ட் சீலையும் செம்பு வாஷரையும் மாற்றினார். பாலிதீன் பை மாட்டினார். எண்ணெயை ஜாடியில் அளந்து, இரண்டு காலுக்கும் ஒரே மட்டம் வருகிறதா என்று ஸ்கேல் விட்டுப் பார்த்தார். பிரேக் பேட் நனைந்துவிட்டது என்று அதையும் புதிதாகப் போட வைத்தார். அவருடைய டார்க் ரென்ச்சில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. பிடியெல்லாம் கிரீஸ் படிந்து, பார்க்கச் சகிக்காது. பழைய சீல்களையும் பழைய பைப்பையும் ஒரு தாளில் சுற்றி நண்பர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார். பில்லைப் பார்த்து நண்பருக்கு நெஞ்சடைத்தது.

விளைவு என்ன? இரண்டு வருஷமாக நண்பர் அந்தக் கடைப்பக்கம் ஆயில் சீலுக்காக ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு டீ கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. ஒரே வேலையோடு உறவை அறுத்துக்கொள்ளும் இப்படிப்பட்டவர்களால்தான் நகரத்தில் மனிதர்கள் தனிமையில் வாடுகிறார்கள். என்னைப் பாருங்கள்: ஆறு மாதத்தில் வேந்தரை நான்குமுறை தரிசித்துவிட்டேன். அவர் பெண்ணின் காதணி விழாவுக்குப் பத்திரிகை வந்தது. மொய் எழுதினேன். என் கம்பெனி சீல் இன்னும் அந்த டிராயரில்தான் இருக்கிறதா என்று கேட்க நாக்கு எழவில்லை. விழாவுக்கு வந்திருந்த இன்னொரு வாடிக்கையாளர் தம் வண்டிக்கு வேந்தர் அதே கம்பெனி சீலைப் புத்தம்புதிதாகப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, யாருக்கோ பயன்படுகிறதே என்று மனம் குளிர்ந்தேன்.

நான்காம் திருப்பணி போன செவ்வாய்க்கிழமை நடந்தது. இம்முறை இரண்டு காலுக்கும் சீல். கல்வெட்டு வலக்காலிலும் ஏறியிருக்கிறது. அங்கே ஐந்து வரி.

இன்று காலை வாசல் தெளிக்கப் போன என் மனைவி கூப்பிட்டாள். நேற்று அவள் போட்ட கோலத்தின் மேல் முன்சக்கரம் நின்றிருந்தது. புள்ளிகளுக்கு நடுவே, யாரும் வைக்காத இடத்தில், பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் சிறியதாக இன்னொன்று.

வேந்தரின் கடை காலை பத்தரைக்குத் திறக்கும். ஞாயிறு விடுமுறை. வாசகர்கள் யாருக்காவது முன்சக்கரத்தில் எண்ணெய் கசிந்தால் தயங்காமல் எழுதுங்கள், நானே அழைத்துப் போய் அறிமுகம் செய்து வைக்கிறேன். வரும்போது பேருந்தில் வாருங்கள். திரும்பிப் போவதும் அதில்தான்.